நாவிருக்க விரல் கேட்டது ஏன்?

பேச்சு, தாய் தந்த செல்வம். எழுத்து, பள்ளி தந்த செல்வம். தாய் எல்லோருக்கும் வாய்த்தாள். பள்ளி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. வாய்க்க விடவில்லை என்று சொல்வதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை. ஏட்டைத் தொடாதே, எழுத்தை நாடாதே என்று தலைமுறை தலைமுறையாக விலக்கி வைக்கப்பட்ட மக்கள், எவராலும் பறிக்க முடியாத ஒன்றை மட்டும் காத்து வந்தனர். அதுதான் நா! ஏற்றம் இறைத்தபோதும், நாற்று நட்டபோதும், தொட்டிலை ஆட்டியபோதும், பாடையைச் சுற்றி நின்று அழுதபோதும் அந்த நாவே அவர்களுக்கு ஏடு. அதுவே அவர்களுக்கு எழுத்தாணி.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே புதுப்பொறி ஒன்று பிறந்தது. கணக்கிடும், நினைவில் வைக்கும், கேட்டதைத் தேடித் தரும் என்றனர். உலகை மாற்றும் என்றனர். மாற்றியும் விட்டது. ஆனால், அந்தப் பொறி மனிதனிடம் நாவைக் கேட்கவில்லை, விரலைக் கேட்டது. விரலிலும் உழுத விரலைக் கேட்கவில்லை. நெய்த விரலைக் கேட்கவில்லை. ஆங்கில எழுத்தைத் தட்டத் தெரிந்த விரலைக் கேட்டது.

ஏன்? நாவிருக்க விரல் கேட்டது ஏன்? அது பொறியின் இயற்கையா? அறிவியலின் ஆணையா? அல்லது, வாயிலைக் கட்டியவர்கள் தமக்கு ஏற்ற உயரத்தில் கட்டிக்கொண்ட வாயிலா?

இந்தக் கேள்வியை நாம் உரத்த குரலிலே கேட்டாக வேண்டும். ஏனெனில், இன்று அந்தப் பொறிக்குக் காது முளைத்துக் கொண்டிருக்கிறது. அந்தக் காது யாருடைய குரலைக் கேட்கப் பழகுகிறதோ, அவருடையதே நாளைய உலகம்.

'அறிவியலுக்கு ஏதய்யா மொழி? மின்சாரம் தமிழ் பேசுமா, தெலுங்கு பேசுமா?' என்று ஏளனம் பேசுவோர் உண்டு. மின்சாரத்துக்கு மொழி இல்லை, மெய்தான். பொறியின் உள்ளே ஓடும் ஒன்றுக்கும் சுழியத்துக்கும் தாய்மொழி இல்லை, அதுவும் மெய்தான். ஆனால், அந்தப் பொறியையும் மனிதனையும் இணைக்கின்ற வாயிலுக்கு மொழி உண்டு. அதைக் கட்டியவனுடைய மொழி உண்டு. அவனுடைய அலுவலகத்தின் வாடை உண்டு. அவனுடைய பள்ளிக்கூடத்தின் சுவடு உண்டு.

1868-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பாரும் அவருடைய தோழர்களும் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1874-இல் துப்பாக்கி செய்து புகழ்பெற்ற ரெமிங்டன் தொழிற்சாலை அதை விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று அமைந்த எழுத்து வரிசைதான் சிறு மாற்றங்களோடு இன்று நம் கைப்பேசித் திரையிலும் உட்கார்ந்திருக்கிறது. 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது. கணிப்பொறிக்கு இடும் கட்டளைகள் ஆங்கிலச் சொற்களாயின. 1963-இல் ஆஸ்கி என்னும் குறியீட்டு அட்டவணை வந்தது. 7 பிட், 128 இடங்கள். ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அமர்ந்தன, இடம் தீர்ந்தது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளுக்கே தனியிடம் இல்லாத பந்தியில், நம் 247-க்கு இலை போடுவார் யார்? 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் என்னும் பொறி திரையிலே ஒரு மேசையை வரைந்தது. மேசைமேல் கோப்பு, கோப்பைப் போட்டு வைக்க உறை, பக்கத்திலே அஞ்சல் தட்டு. யாருடைய மேசை அது? அமெரிக்க அலுவலகத்து எழுத்தரின் மேசை!

நாம் அவர்கள்மீது குற்றம் சாட்டவில்லை. தம் வீட்டுக்குத் தாம் வேண்டியபடி கதவு வைத்தார்கள். அதிலே வஞ்சகம் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக்கும் அதே கதவைப் பெயர்த்து வந்து மாட்டிக்கொண்டு, 'கதவென்றால் இப்படித்தான் இருக்கும். குனிந்து போகத் தெரியாதவன் மூடன்' என்று நம் மக்களையே இகழ்ந்தோமே, குற்றம் அங்கேதான் இருக்கிறது.

அந்நாளில் நம் நாடு எப்படி இருந்தது? 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்தவர். மீதி 82 பேர் ஊமைகளா? இல்லையே! விடுகதை போட்டவர்கள், வழக்குரைத்தவர்கள், சந்தையில் பேரம் பேசியவர்கள், வானத்தைப் பார்த்து மழையைக் கணித்தவர்கள். அந்த நாட்டுக்குக் கணிப்பொறி வராமலும் இல்லை. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பிரிட்டனிலிருந்து வந்த கணிப்பொறி 1956-இல் இயங்கிற்று. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் அறிஞர்களே கட்டிய டிஃப்ராக் என்னும் பொறி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிற்று. திறமை இருந்தது, பொறி இருந்தது. 'இது யாருக்காக?' என்ற கேள்விதான் இல்லை.

'அந்நாளில் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறி ஏது? நடவாத காரியத்தைப் பேசலாமா?' என்று குறுக்கிடுவர் விவரம் அறிந்தோர். இருந்தது! 1952-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆட்ரி என்னும் பொறி, பழகிய குரல் சுழியம் முதல் ஒன்பது வரை சொன்னால் இனங்கண்டது. 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய ஷூபாக்ஸ் என்னும் பொறி 16 சொற்களைக் கேட்டறிந்தது. ஆஸ்கி அட்டவணை வெளியாவதற்கு முன்பே, தோழர்களே, பொறிக்குக் காது அரும்பிவிட்டது! 1976-இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பி 1011 சொற்களைக் கேட்டறிந்தது.

பதினாறு சொல் என்ன பயன் தரும் என்பீரோ? நெல், விலை, மழை, உரம், கூலி, விதை, பேருந்து, மருத்துவர்... பதினாறு தேவைகளை எண்ணிப் பாருங்கள். உழவன் ஒருவன் அரசிடம் கேட்க நினைத்துக் கேட்க முடியாமற்போன கேள்விகளில் பாதி அந்தப் பதினாறில் அடங்கிவிடும். தொலைபேசி அரிதாக இருந்தது, பொறியின் விலை யானை விலையாக இருந்தது, மறுக்கவில்லை. விசைப்பலகைப் பொறியும் அன்று யானை விலைதானே? அதன்மீது கோடி கோடியாகக் கொட்டினார்கள்; யானை விலை ஆட்டு விலையாயிற்று. காதின்மீது கொட்டியது அதனினும் குறைவு. காது மெல்ல வளர்ந்தது.

இதிலே நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. ஹார்ப்பி பிறந்த அந்த ஆய்வுக்கூடத்தில் பேச்சாராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்த ராஜ் ரெட்டி! வீட்டிலே பேசிய மொழி தெலுங்கு. பொறியியல் படித்தது நம் கிண்டிக் கல்லூரியில். பட்டம் பெற்றது 1958-இல். ஆஸ்திரேலியா சென்றார், அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சென்றார், 1966-இல் முனைவரானார். சதுரங்கக் காய் நகர்வை வாயால் சொன்னால் புரிந்துகொள்ளும் பொறியை அவருடைய குழு ஆக்கிற்று. 1994-இல் கணிப்பொறித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது, மற்றோர் அறிஞரோடு சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. ஆசியாவில் பிறந்தவருள் அதை முதலில் பெற்றவர் அவரே.

பொறிக்குக் காது பொருத்திய முன்னோடிகளுள் ஒருவர் நம் மண்ணின் மைந்தர். அந்தக் காது முதலில் கேட்டதோ ஆங்கிலம்! தெலுங்கு பேசும் தாய்க்குப் பிறந்து, தமிழ் பேசும் ஊரில் படித்தவருடைய அறிவு, இங்கிலீஷ் பேசும் நாட்டில்தான் நிலம் கண்டு முளைத்தது. அவரைக் குறை கூறுவது அறியாமை. வித்து நம்முடையது, வயல் நம்மிடம் இல்லை. வயலைத் திருத்தி வைக்காதது யார் பிழை? 'வட்டார மொழியிலே விஞ்ஞானமா?' என்று வாய்கோணச் சிரித்த ஆட்சியாளரின் பிழை. அந்தச் சிரிப்பையே நாகரிகம் என்று நம்பிய படித்த வகுப்பாரின் பிழை.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அந்த அட்டவணையிலே ஓர் ஓரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்! 1988-இல் இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறை, எல்லா மொழிக்கும் தேவநாகரியின் அச்சையே வார்ப்படமாகக் கொண்டது. 1991-இல் வந்த ஒருங்குறி, அந்த வார்ப்படத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. விளைவு? இன்றும் தமிழ்க் கட்டத்திலே 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவில் மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தமிழில் இல்லாத எழுத்துகளுக்காக ஒதுக்கி வைத்த நாற்காலிகள்! வராத விருந்தாளிக்கு மூன்று நாற்காலி. வீட்டுப் பிள்ளையாகிய 'மி'க்குத் தனி நாற்காலி கிடையாது, 'ம'வும் கொக்கியும் சேர்ந்து உட்கார வேண்டும். தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியின் கணக்கிலே ஐந்து! ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70 மட்டுமே, அதுவும் அந்த ஐந்தெழுத்துக் கணக்கில்! தாய்மொழியில் செய்தி அனுப்பியதற்குத் தண்டத் தீர்வை அல்லவா இது?

எழுத்தை எளிதாக்கும் முயற்சியைத் தமிழகம் முன்பே தொடங்கிற்று. பெரியார் 1935-இல் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்திய எழுத்தைக் கையாண்டார். 1978-இல் தமிழ்நாடு அரசு அதன் ஒரு பகுதியை ஆணையாக்கிற்று. 1999-இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. நற்பணிகளே இவை, போற்றுவோம். ஆனால், இவை அனைத்தும் பொறியின் அளவுக்கு மொழியை ஒழுங்குபடுத்திய பணிகள். மொழியின் அளவுக்குப் பொறியை ஒழுங்குபடுத்தும் மற்றொரு பாதி, தீண்டப்படாமல் கிடந்தது.

அந்தப் பாதியைச் செய்ய விடாமல் நம்மைத் தாலாட்டித் தூங்க வைத்த பாட்டுகள் இரண்டு உண்டு.

முதற் பாட்டு: 'கணிப்பொறிக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதமே என்று அமெரிக்க விண்வெளி நிலையமே சொல்லிவிட்டது!' மேடைதோறும் இதைச் சொல்கின்றனர். நடந்தது என்ன? 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்னும் ஆய்வாளர், செயற்கை நுண்ணறிவு பற்றிய ஓர் அமெரிக்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய சமஸ்கிருத இலக்கணிகள் வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்டிய முறைக்கும், பொறிக்குள் அறிவைப் பொதிந்து வைக்கும் முறைக்கும் ஒப்புமை உண்டு என்பது அவர் வாதம். அவ்வளவே! அது ஓர் ஆய்வாளரின் கட்டுரை, நிலையத்தின் தீர்ப்பன்று. அதற்குப் பின் 40 ஆண்டுகள் ஓடிவிட்டன. உலகை இயக்கும் பொறிகளுள் சமஸ்கிருதத்தால் இயங்குவது எது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகச் சொன்னோர் இந்தியா முழுவதிலும் 24,821 பேர். பேசுவோர் இல்லாத மொழிக்குப் பொறியிலே அரியணை. பேசும் கோடிக்கணக்கான மக்களுக்கு வாசற்படி! பழைய வருணக் கணக்குப் புதிய பொறியிலும் ஏறப் பார்க்கிறது.

இரண்டாம் பாட்டு நம் வீட்டுப் பாட்டு. ஆகையால் அதைக் கூடுதல் கண்டிப்போடு கேட்க வேண்டும். 'தொல்காப்பியர் அன்றே எல்லாம் சொல்லிவிட்டார். தமிழே கணிப்பொறி மொழி!' தொல்காப்பியர் ஒலியின் பிறப்பை ஆராய்ந்தார். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடம் கூறி, உந்தியில் எழும் காற்று ஒலியாகும் வழியை விளக்கினார். கண்ணிமைப்பதும் கைந்நொடிப்பதும் மாத்திரை என்று காலத்தையும் அளந்தார். சிறந்த அறிவு அது; பெருமைக்குரியது. ஆனால், அவர் பொறி செய்யவில்லை. நமக்காகச் செய்து வைத்துவிட்டுப் போகவும் இல்லை. ஒலியை ஆராய்ந்த இனத்தின் பிள்ளைகள், ஒலியறியும் பொறியை அயலான் செய்து தரும்வரை காத்திருந்தார்கள் என்றால், அது பெருமையா? பாட்டன் வெட்டிய கிணற்றைக் காட்டிக் காட்டித் தாகத்தோடு செத்தவன் கதை அல்லவா அது!

பெருமை பேசுவதை விட்டு, அந்த அறிவை முதலாக வைத்துத் தொடங்கியிருந்தால் பொறி எப்படி வளர்ந்திருக்கும்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

முதலில், அது திரையாக இருந்திராது. செவியும் வாயுமாக இருந்திருக்கும். ஆளுக்கொன்றாக அறைக்குள் அடைந்து கிடந்திராது; ஊர் மன்றத்திலும் படிப்பகத்திலும் இருந்திருக்கும். ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டு, கேட்டதைத் தெருவெல்லாம் விவாதித்த நாடு இது. சீர்திருத்தக் கருத்து இங்கே பரவியது கண்ணால் மட்டுமா? முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒலிபெருக்கியின் அடியிலும் காதால் அல்லவா பரவிற்று! அந்த மக்களின் பொறி, கேள்வி கேட்கும், மறுமொழி சொல்லும், 'விளங்கவில்லை, மறுபடி சொல்' என்றால் மறுபடி சொல்லும்.

இரண்டாவதாக, அதன் உள்ளமைப்பே வேறாயிருக்கும். ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு செய்த பொறி, சொற்பட்டியலை நம்பி நடந்தது. 'போகமாட்டேன் என்றவனையும்' என்பதை எந்தப் பட்டியலில் தேடுவது? தமிழில் ஒரு வினையடியிலிருந்து நூற்றுக்கணக்கான வடிவங்கள் கிளைக்கும். தெலுங்கும் கன்னடமும் அப்படியே. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுத்துக் காட்டுகிறது நன்னூல். பொறியின் அடிப்படை அந்தப் பகுப்பாக இருந்திருந்தால், நம் சொற்கள் அதற்குச் சுமையாகத் தோன்றியிரா. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பலவும் ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு சொல்லைத் துண்டாக்குகின்றன. அதே கருத்துக்குத் தமிழுக்கு மிகுதியான துண்டுகள் ஆகின்றன. துண்டுக்கு இத்தனை காசு என்று கூலி கேட்கும் உலகில், தமிழன் அதிகக் கூலி கொடுக்கிறான். தீர்வை தீரவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது!

'கனவு காண்கிறீர்' என்பார்களோ? கனவல்ல, மக்கள் செய்து காட்டியது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரம் பற்றிய செய்தி அங்கே கணிப்பொறிக்கு வந்தது, ஆங்கில எழுத்தில். கட்டுமரம் தள்ளுபவர் அதைத் திரையில் படிப்பதா? அதைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொன்னார்கள். பொறி நாவைக் கேட்கவில்லை. ஊர் பொறிக்கு நா பொருத்திற்று! 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஊர்க்காரர் தொலைபேசியில் எச்சரித்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அலறிற்று. மக்கள் கரையை விட்டு ஓடினர். ஆழிப்பேரலை வந்தபோது ஊரில் ஆளில்லை. அந்த வேளையில் உயிர் காத்தது எது? தட்டச்சு செய்த அறிக்கையா? குரல்!

வடக்கே சத்தீசுகரின் காடுகளைப் பாருங்கள். கோண்டி, தமிழுக்கு உறவான திராவிட மொழி. 2011 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் ஏறத்தாழ 30 இலட்சம். எல்லோரும் ஏற்ற ஒரே எழுத்து அதற்கு இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடமும் இல்லை. விசைப்பலகை உலகில் அவர்கள் இல்லாதவர்கள். 2010-இல் அங்கே சி.ஜி.நெட் சுவரா என்னும் குரல் மன்றம் தொடங்கிற்று. எண்ணை அழைத்துத் துண்டித்தால் பொறி திருப்பி அழைக்கும். ஓர் எண்ணை அழுத்திப் பேசலாம். மற்றோர் எண்ணை அழுத்திப் பிறர் சொன்னதைக் கேட்கலாம். கூலி வரவில்லை என்றனர், குடிநீர்க் குழாய் பழுது என்றனர், பாடலும் பாடினர். இந்தியிலும் கோண்டியிலும் பிற பழங்குடி மொழிகளிலும். அதிகாரியின் தொலைபேசி எண்ணும் சேர்ந்து ஒலித்தது. கேட்டவர்கள் அவரை அழைத்து, ஏன் என்றனர். இந்தப் பொறிக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வித்தை தேவைப்படவில்லை. பதிவு செய்யும் நாடாவும் தொலைபேசியும் இருந்த காலத்திலேயே செய்திருக்கக் கூடியது. செய்யத் தோன்றவில்லை, ஏனெனில், மலையில் வாழ்பவன் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று மாளிகையில் இருப்பவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது காலம் திரும்புகிறது. பொறி தமிழில் கேட்கிறது, தமிழில் பேசுகிறது. ஆர்ப்பரிக்கலாமா? பொறுங்கள். எந்தத் தமிழை என்று கேளுங்கள்!

'வருகிறார்கள்' என்று எழுதுகிறோம். சென்னைக்காரர் 'வராங்க' என்கிறார். இராமநாதபுரத்தார் 'வாராக' என்கிறார். நெல்லையார் 'வாராவ' என்கிறார். செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய பொறி, நெல்லையின் பீடி சுற்றும் தாய் பேசினால் தடுமாறும். 'மன்னிக்கவும், புரியவில்லை' என்னும். மீண்டும் வாயிலிலே நிறுத்தப்படுவாள் அந்தத் தாய். முன்பு எழுத்து தெரியாததால்; இனி அவள் பேச்சு 'கொச்சை' என்பதால்!

பொறிக்குக் குரல் சேர்க்கும் முயற்சிகள் பல, எழுதிய வாக்கியத்தைக் கொடுத்து, 'இதை உரக்கப் படி' என்று கேட்பனவாகவே தொடங்கின. சூழ்ச்சி இல்லாமலேயே விளைந்த சூழ்ச்சியைப் பாருங்கள்: படிக்கத் தெரிந்தவர் குரல் மட்டுமே பொறிக்குள் போகும். படிக்காதவருக்கென்று செய்யும் காதுக்குப் படித்தவரின் குரலே பாடம்! இதை உணர்ந்து, மக்கள் இயல்பாகப் பேசுவதையே பதிவு செய்யும் பணியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.ஃபார் பாரத் ஆய்வகம் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் மேற்கொண்டது. வரவேற்போம். ஆனால், அட்டவணைக்கு வெளியே நிற்போர்? கோண்டி? 18 இலட்சம் பேர் பேசும் துளு? நம் நீலகிரியில் படுகரும் தோடரும் இருளரும் பேசும் மொழிகள்? பெருமொழியின் ஆதிக்கத்தை எதிர்த்து நிற்கும் தமிழன், சிறுமொழியின் முன்னே தானே பெருமொழியாகி நிற்கலாமா? நமக்கு ஒரு நீதி, படுகருக்கு ஒரு நீதி என்றால், நம் மொழியுரிமை முழக்கம் வெற்றோசை!

பண்டிதர்களுக்கும் ஒரு சொல். 'பேச்சுத் தமிழைப் பொறிக்குள் விட்டால் மொழி கெடும்' என்கிறீர்கள். எழுதும் தமிழ் செந்தமிழாகவே இருக்கட்டும். இந்தக் கட்டுரையும் அந்த நடையில்தான் நடக்கிறது. ஆனால், கேட்கும் காதுக்குச் செந்தமிழ் மட்டுமே விளங்கும் என்றால், அது காதன்று; காவற்காரன். முன்பு ஆங்கிலம் வாயிலை அடைத்தது. இப்போது இலக்கணம் அடைப்பதா? பூட்டு நம்முடையது என்பதால் சிறை இனிக்குமா?

'அப்படியானால் படிப்பே வேண்டாமா? பேசினாலே போதும் என்று மக்களை எழுத்தறியாதவராகவே வைத்திருக்கும் வழியல்லவா இது?' என்று கேட்கும் தோழர்களின் அச்சம் நியாயமானது. பள்ளி வேண்டும், எழுத்து வேண்டும், ஒருவர் விடாமல் வேண்டும். 1951-இல் 18-ஆக இருந்தது 2011-இல் 74-ஆக உயர்ந்திருக்கிறது, தமிழ்நாட்டில் 80. நூறாகட்டும்! ஆனால், நூறாகும்வரை அந்த மூதாட்டி என்ன செய்வாள்? பணப்பொறி முன்னே நின்று, அறிமுகமில்லாத ஒருவனிடம் அட்டையை நீட்டி, இரகசிய எண்ணையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருப்பாளா? கல்வி அவள் பேத்தியின் உரிமை. காது அவளுடைய உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவன் இரண்டுக்கும் பகைவன்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கேட்கும் காது, ஒட்டுக் கேட்கும் காதாகவும் ஆகலாம். மக்களின் குரலை இலவசமாக வாங்கி, பொறியாக்கி, அதே மக்களுக்கு விலைக்கு விற்கும் வணிகம் வரலாம். குரல் கொடுத்தவருக்கு அதன்மேல் உரிமை வேண்டும். எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று அறியும் உரிமை வேண்டும். நிலத்தை இழந்த கதை போதும். நாவையும் இழக்க வேண்டாம்.

இளைஞர்களே! உங்களுள் பலர் கணிப்பொறி பயின்றவர்கள். அயல்நாட்டு அலுவலகங்களின் பொறிகளை இராப்பகலாக ஓட்டுபவர்கள். உங்கள் திறமைக்குக் குறையில்லை. கேள்வி மட்டுமே குறை. ஒரு பொறியைச் செய்யும்போது, ஒரு செயலியை எழுதும்போது கேளுங்கள்: இது என் பாட்டிக்குக் கேட்குமா? கேட்டால் விளங்குமா? விளங்கினால், அவள் மொழியிலே மறுமொழி சொல்லுமா? இல்லை என்றால் அது குறைப்பொறி. எத்தனை விருது பெற்றாலும் குறைப்பொறியே! படிப்பகங்களில் கூடுங்கள். ஊர் ஊராகச் செல்லுங்கள். மீனவக் குப்பத்தின் சொல்லை, மலையடிவாரத்தின் சொல்லை, சேரியின் சொல்லை, பேசுவோரின் ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள். எவரும் விலைபேச முடியாத பொதுச் செல்வமாக்குங்கள். அரசு செய்யும் ஒவ்வொரு சேவைக்கும் குரல்வழி உண்டா என்று கேட்டு மனுப்போடுங்கள். இல்லையெனில் ஏன் என்று மேடையேறிக் கேளுங்கள்.

எழுபது ஆண்டுகளுக்கு முன்னே கேட்கப்படாமற்போன கேள்வி அது. அன்று கேட்டிருந்தால் பொறியின் வரலாறே வேறாகியிருக்கும். இன்றாவது கேட்போம். ஏட்டை மறுத்தார்கள், பள்ளியைப் பிடித்தோம். எழுத்தை மறுத்தார்கள், இதழ் நடத்தினோம். இப்போது பொறியின் காது திறக்கிறது. அதில் முதலில் விழ வேண்டிய குரல், இதுவரை எவரும் கேளாத குரல்!